எல்ஷுக்கு எந்தத் தோட்டா?

என்ர ராசா,

ஞாயிற்றுக்கிழமை பூசையால வந்து சப்பாத்தைக் கழட்ட முதலே உன்ர ரெலிபோன் வந்தது. சுகம் கேட்டாய், சாப்பிட்டியளோ எண்டாய், அப்பாவின்ர முழங்கால் நோ எப்பிடி எண்டாய். பிறகு அந்தப் பகிடிக் குரலில, "அம்மா, நீங்கள்தானே தோட்டாவில பண்டிதர், எல்ஷுக்கு எது நல்லது, மாமா தந்த ஒன்பது மூண்டோ, பிர்கிட்டின்ர ஆறரையோ?" எண்டு கேட்டாய். அப்பா பக்கத்தில இருந்து பேப்பர் பாத்துக்கொண்டிருந்தவர். தோட்டா எண்ட சொல் காதில விழ, பேப்பரை மடிச்சு வைச்சிட்டு எழும்பிக் குசினிக்குப் போயிட்டார். நான், யோசிச்சுச் சொல்லுறன் எண்டு கதையை மாத்திப்போட்டன். நீ பகிடியாக் கேட்டனி எண்டு காட்டிக்கொண்டாலும் எனக்கு அது பகிடியாப் படேல்லை. அதால கிழமை முழுக்கக் கடையில வாறவன் போறவனையெல்லாம் மறிச்சு மறிச்சுக் கேட்டு, இப்ப எழுதுறன். கடிதம் நீளும், சொல்லிப்போட்டன். ட்றாமில வைச்சு வாசிக்காத. டார்ம்ஸ்டாட்டில உன்ர அறைக்கு வந்து, ஒரு தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு இருந்து ஆறுதலா வாசி.

நான் விளங்கினது சரியோ எண்டு முதல்ல பார். பிர்கிட்டின்ர அப்பா, எங்கட சம்பந்தி, தன்ர சிநேகிதரோட வருஷா வருஷம் ஒக்டோபரில சுவீடனுக்கு எல்ஷ் எண்ட அந்தப் பெரிய மான் வேட்டைக்குப் போறவர். இந்த முறை மருமகனாகப் போறவன் எண்டு உன்னையும் கூட்டிக்கொண்டு போறார். உனக்கும் பிர்கிட்டுக்கும் கலியாணம் நவம்பரில. மாப்பிள்ளை சுட்ட எல்ஷ் கலியாண மேசைக்கு வரவேணும் எண்டது அவற்ற ஆசை, அந்த ஆசையை ஊர் முழுக்கச் சொல்லியும் போட்டார். அதுக்கெண்டே உனக்கு ஒரு புதுத் துவக்கு வாங்கித் தந்திருக்கிறார், பெரிய துவக்கு, ஒன்பது தசம் மூண்டு மில்லிமீற்றர், நீங்கள் சொல்லுற ஒன்பது மூண்டு. பிர்கிட்டுக்கு அந்த நேரம் பரீட்சை, அவள் வரேல்லை. அவளின்ர சின்னத் துவக்கு, அந்த ஆறரை, அலுமாரிக்குள்ள சும்மாதான் கிடக்கப்போகுது. அதைக் கொண்டு போ எண்டு அவள் கேட்டும் நீ மாட்டன் எண்டிட்டாய். பொம்பிளையின்ர துவக்கோட போய் நிண்டால் மாமாவின்ர சிநேகிதர் சிரிப்பினம் எண்டு உனக்கு. மாமாவின்ர முகம் வாடும் எண்டும் உனக்கு. நீ எனக்கு இதொண்டும் சொல்லேல்லை, ஆனா உன்னைப் பெத்தது நான், ரெலிபோனில நீ விடுற மூச்சே எனக்குக் காணும்.

என்னைப் பண்டிதர் எண்டு நக்கலடிக்கிறாய், அடி. ஐஃபல் மலைப்பக்கத்து அந்த வேட்டை இறைச்சிக் கடையில நான் சேரேக்க நீ பள்ளிக்கூடத்தில படிச்சுக்கொண்டிருந்தாய். மான் வெட்டத் தெரியுமோ எண்டு வேலை எடுத்துத் தாற கந்தோரில கேக்க, ஓம் எண்டிட்டன். மன்னாரில திருக்கையும் சுறாவும் வெட்டினவளுக்கு மான் வெட்ட ஏலாதோ எண்டு ஒரு துணிவு. முதல் கிழமையே மானம் போச்சு. முதலாளி தான் சுட்ட மானொண்டைக் கொண்டு வந்து கிடத்தியிருந்தார். பாத்தால் அதின்ர வாயில ஒரு பச்சைக் கிளை. தின்னேக்க செத்திருக்குது, பாவம் எண்டு நினைச்சு, கிளையை இழுத்தெடுத்துக் குப்பையில போட்டு, வாயையும் தண்ணியடிச்சு வடிவாக் கழுவி விட்டன். சுத்தமான வேலைக்காரி எண்டு மெச்சுவார் எண்டு வேற எண்ணம். மனிசன் வந்து பாத்திட்டு, வெளியில போய் மரத்தில இன்னொரு கிளை முறிச்சுக்கொண்டு வந்து, அதின்ர வாயில வைச்சு, தொப்பியைக் கழட்டிப்போட்டு நிண்டார். பிறகுதான் விளங்கப்படுத்தினார், அது சுட்டவன் அதுக்குக் குடுக்கிற கடைசி வாய்ச் சாப்பாடாம், சுட்டவன் தன்ர கையால வைக்கவேணுமாம். எனக்கு வெட்கத்தில நிலத்துக்குள்ள போயிடலாம் போல கிடந்தது. ஆனா எனக்கு ஆசை பிடிச்சதும் அண்டைக்குத்தான். சுட்டுப்போட்டுச் சாப்பாடும் வைக்கிற சனம், இது என்ன சனமடாப்பா எண்டு கேக்கத் தொடங்கினவள்தான், இன்னும் கேட்டு முடியேல்லை.

அடுத்த ஆசை சன்னங்களில, தோட்டாவின்ர முனையில இருந்து பறக்கிற அந்த ஈயத் துண்டுகளில வந்தது. கனக்கச் சன்னம் ஒரு பக்கத்தால பூந்து மற்றப் பக்கத்தால போயிடும். சிலது போற வழியில களைச்சு, மற்றப் பக்கத் தோலுக்குக் கீழ வந்து நிண்டிடும். கத்தியில டிக் எண்டு தட்டுப்படும். அதுகளை எடுத்துக் கழுவி ஒரு ஜாம் போத்தலுக்குள்ள போட்டு வைச்சன். ஒண்டு காளான் மாதிரி விரிஞ்சு வடிவா இருக்கும், ஒண்டு நசிஞ்சு கோணிப்போய் இருக்கும், ஒண்டு தகடு தகடாப் பிரிஞ்சு பாதிதான் மிஞ்சியிருக்கும். ஒரே பெட்டியில வாங்கின தோட்டா ஏன் ஒரு மிருகத்துக்குள்ள ஒரு மாதிரியும் இன்னொண்டுக்குள்ள வேற மாதிரியும் விரியுது எண்டு எனக்கு மண்டைக்குள்ள குடைஞ்சுகொண்டே இருக்கும். போத்தலை வீட்டுக்குக் கொண்டு வந்த அண்டைக்கு அப்பா பேசின பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கும். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த வீட்டுக்குள்ள சன்னம் சேக்கிறியே, உனக்கென்ன விசரே?" எண்டார். நான் அவருக்குச் சொன்னன், எங்கட தலைக்கு மேலால போனது முழுக்கச் சத்தம்தான், அது என்ன நிறம், என்ன பாரம், பட்டால் என்ன செய்யும் எண்டு ஒருநாளும் கண்ணால கண்டதில்லை, இப்பவெண்டாலும் பாப்பம் எண்டு. எண்டாலும் போத்தல் கடைக்குத் திரும்பிப் போச்சு.

இலக்கங்கள் எனக்கு முதல்ல தலையைச் சுத்தின. ஏழு தர அறுபத்துநாலு, எட்டு தர ஐம்பத்தேழு, ஆறரை தர ஐம்பத்தைஞ்சு எண்டு அவங்கள் வாய்ப்பாடு மாதிரிச் சொல்லுவாங்கள். பிறகு பாத்தால் ஒண்டுமில்லை. முதல் இலக்கம் சன்னத்தின்ர பருமன், மற்றது வெடிமருந்து போடுற கோதின்ர நீளம், இரண்டும் மில்லிமீற்றர். அமெரிக்கக்காரன்ர முப்பது சைபர் ஆறில மட்டும் நான் கன நாள் மாட்டுப்பட்டு நிண்டன். ஆறு மில்லிமீற்றர் நீளத்தில கோது இருக்க ஏலாதே. கேட்டுப் பாத்தால், முன்னுக்குள்ளது அங்குலக் கணக்காம், பின்னுக்குள்ளது அது வந்த வருஷமாம், ஆயிரத்துத் தொளாயிரத்து ஆறு. ஒரு தோட்டாவுக்கு அதின்ர பிறந்த வருஷத்தைப் பேரா வைச்சிருக்கிறாங்கள் எண்டு தெரிஞ்ச அண்டைக்கு எனக்கு நாள் முழுக்கச் சந்தோஷம். சனிக்கிழமைகளில கடையின்ர பின் அறையில கோப்பி குடிச்சுக்கொண்டு அவங்கள் சண்டை பிடிக்கிறதை நீயும் ஒருநாள் வந்து கேக்கவேணும். வீட்டில பெண்சாதியைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லாத மனிசரும் தன்ர தோட்டாவை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டார். ஆரையெண்டாலும், ஏன் இதை எடுத்தனீங்கள் எண்டு கேட்டுப் பார். தகப்பன் அதால சுட்டவர் எண்டுவார், இல்லாட்டித் தன்ர முதல் மான் அதாலதான் விழுந்தது எண்டுவார். மற்றதைத் தொட்டுப் பாத்தே இருக்க மாட்டார். நான் ஒண்டாலையும் சுடாத ஆள், எல்லாத்தின்ர வேலையையும் மேசையில பாத்த ஆள். அதால நான் கண்டதைச் சொல்லுறன்.

ஏழு தர அறுபத்துநாலு வேகக்காரன். தூரத்தில புல்வெளியில நிக்கிற மானுக்கு அவன் திறம், சன்னம் வளையாமல் நேராப் போய் விழும். ஆனா சின்ன மானைக் கிட்டத்தில வைச்சு அதால அடிச்சால் முன்னந்தோள் ஒண்டுக்கும் உதவாது, இரத்தம் கண்டி, கறுத்து, கூழாகிப்போய் இருக்கும், நான் அரைவாசியை வெட்டி எறியவேணும். எட்டு தர ஐம்பத்தேழு நிதானமான பழைய ஆள், அதைக் கொண்டு வாற கிழவர்மாரும் அப்பிடித்தான், இறைச்சி அவ்வளவு பழுதாகாது. அமெரிக்கக்காரன் எல்லாத்துக்கும் நடுவில, குறை சொல்லவும் ஒண்டுமில்லை, மெச்சவும் ஒண்டுமில்லை. மக்னம் எண்டு ஒண்டு, நீட்டுக் கோதும் நிறைய மருந்தும். அதைக் கொண்டு வாறவை பெரும்பாலும் புதுசாக் காசு கண்ட ஆக்கள், அவையின்ர மானை வெட்டேக்க, பழுதான இறைச்சியைக் கண்டு எனக்கு வாய் சும்மா இருக்காது. உன்ர மாமாவின்ர ஒன்பது மூண்டுதான் என்னை ஆச்சரியப்படுத்தினது. ஓட்டை பெரிசு, பெருவிரல் போகும், ஆனா சுத்திவர இறைச்சி அவ்வளவு கெடாது. சன்னம் பாரம், போறது மெல்லமா. பாஞ்சு வாற சைக்கிளையும் ஆடி அசைஞ்சு வாற லொறியையும் யோசிச்சுப் பார், இரண்டும் மோதும், ஆனா மோதுற விதம் வேற. காட்டுப்பண்டி நாய்க்கு முன்னால ஓடி வரேக்க அந்த லொறி நல்லதுதான், அதில சம்பந்தியோட எனக்கு வழக்கில்லை.

இனி ஆறரை. அது சுவீடன்காரன்ர பிள்ளை. சன்னம் மெல்லிசு, ஆனா நீளம், ஒரு பென்சில் துண்டு மாதிரி. ஒன்பது மூண்டின்ர பாரத்தில ஏறக்குறைய அரைவாசிதான் வரும். மெல்லிசும் நீளமுமா இருக்கிறதால ஆழமாப் போகும், போற வழியில கனக்கப் பழுதாக்காது. பிர்கிட் போன மாரிக்குக் கொண்டு வந்த பெரிய மான் இருக்கெல்லே, இரண்டு விலாவையும் துளைச்சுப் போயிருந்தது, உள்ளுக்கு ஈரல் பக்கம் ஒரு கீறலும் இல்லை, அவ்வளவு வடிவான வேலை நான் அந்த வருஷம் முழுக்கக் காணேல்லை. சம்பந்தி அதைப் பொம்பிளைத் தோட்டா எண்டு சொல்லிச் சிரிக்கிறவர். எல்ஷ் எண்டது வன்னிக் காட்டு மரையை விடப் பெரிசு, ஒரு நல்ல எருமை அளவு வரும், அதுக்கு இந்தப் பென்சில் காணுமோ எண்டு எனக்கும் சந்தேகம்தான். முதலாளியைக் கேட்டன். அவர் இளவயதில சுவீடனில ஒரு வேட்டைப் பருவம் முழுக்க நிண்டவர். அந்தக் கிராமத்தில ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் எல்ஷுக்கு ஆறரைதான் தூக்கினவையாம், பாரமான சன்னம் போட்டால் சட்டமும் விடுதாம். எதால சுட்டாலும் எல்ஷ் உடன விழாதாம். நெஞ்சுக்கூட்டுக்குள்ள சரியாப் பட்டாலும் ஒண்டும் நடக்காத மாதிரி நாலடி நடந்து, நிண்டு, யோசிச்சுப் போட்டுத்தான் சாயுமாம். எது பெரிசு எண்டு எல்ஷுக்குத் தெரியாது, எங்க பட்டது எண்டுதான் தெரியும் எண்டார். நல்லாத்தான் சொன்னார்.

எங்க பட்டது எண்டதைப் பற்றி நான் கண்ட ஒண்டையும் சொல்லவேணும், வாசிக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னம், காயம்பட்டு ஓடின மானைத் தேடுற நாய்க்காரர் ஒரு பெண்மானைக் கொண்டு வந்து போட்டார். கீழ்த்தாடை இல்லை. சுட்டவன் ஒரு சனி பின்னேரம் சுட்டிருக்கிறான், நாய் அதைக் கண்டுபிடிச்சது திங்கட்கிழமை. அதுவரைக்கும் அது காட்டுக்குள்ள தின்னவும் ஏலாமல், தண்ணி குடிக்கவும் ஏலாமல் நிண்டிருக்குது. இறைச்சி ஒண்டுக்கும் உதவாது, குழி வெட்டித் தாட்டுப்போட்டம். சுட்ட மனிசன் நல்ல உயரம், நல்ல உடம்பு, புது மக்னம் வைச்சிருந்தவர். வாசலில தொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டார், உள்ளுக்கு வரேல்லை. நான் அவருக்குக் கோப்பி கொண்டு போய்க் குடுத்தன். வாங்காமல் என்னைப் பாத்து, "நான் கண்ணை மூடிட்டன்" எண்டார். துவக்கு உதைக்கிற உதைக்குப் பயந்து, விசையை இழுக்கிற நேரம் கண்ணை மூடியிருக்கிறார். மூடினால் துவக்கு வாய் ஆடும், ஆடினால் நெஞ்சுக்குப் போறது தாடைக்குப் போகும். அண்டைக்கு அவருக்காக நான் அழுதன், அந்த மானுக்காகவும் அழுதன். அண்டையில இருந்து ஆர் துவக்கு நீட்டினாலும் நான் பாக்கிறது குறியை இல்லை, நீட்டுறவற்ற கண்ணை.

அதாலதான், போன மாதம் சூட்டுப் பயிற்சிக்குச் சாப்பிட ரோல்ஸும் பற்றிஸும் கட்டிக்கொண்டு வந்த நான், உனக்குப் பின்னால நிக்காமல் பக்கவாட்டில கதிரை போட்டு இருந்தனான். வேட்டை லைசென்ஸ் பரீட்சைக்கு நீ சுட்டது சின்னத் தோட்டா, அது துவக்கில உதைக்கவே உதைக்காது, அதில நீ கெட்டிக்காரன் எண்டு எல்லாரும் சொன்னவை. இது வேற. முதல் வெடிக்கே உன்ர தோள் பின்னால போன விதம் எனக்குப் பிடிக்கேல்லை. சம்பந்தி தூரக்கண்ணாடியால குறியை மட்டும் பாத்துக்கொண்டு, போகப் போகச் சரிவரும், போகப் போகச் சரிவரும் எண்டுகொண்டு நிண்டார். பிர்கிட்தான் உனக்குத் தோட்டா எடுத்துத் தந்தவள். அவள் இடையில உனக்குச் சொல்லாமல் ஒரு மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவைப் போட்டு விட்டாள். நீ விசையை இழுத்தாய். சத்தமும் இல்லை, உதையும் இல்லை, வெறும் டிக். ஆனா துவக்கு வாய் ஒரு சாண் கீழ குத்திச்சுது. உன்ர கண் இரண்டும் இறுக்கி மூடியிருந்தது, வாய் ஆவெண்டு திறந்திருந்தது. பிறகு நீ கண்ணைத் திறந்து, தோட்டா பழுது எண்டு சொல்லிச் சிரிச்சாய், சம்பந்தியும் சேர்ந்து சிரிச்சார். பிர்கிட் சிரிக்கேல்லை. நானும் ரோல்ஸ் பெட்டியைத் திறக்கிற மாதிரிக் குனிஞ்சிட்டன்.

என்னை வீட்டுக்குக் கொண்டு வந்து விடேக்க, காரில நீ முன்னுக்கு மாமாவோட கதைச்சுக்கொண்டு வந்தாய். பிர்கிட் பின் சீற்றில என்ர காதுக்குள்ள கேட்டாள், பெரிய துவக்கெண்டால் கனபேர் கண்ணை மூடிறவை, அது தனக்குத் தெரியும், ஆனா இவர் ஏன் வாயைத் திறக்கிறார், அப்பிடித் திறக்கிற ஒருத்தரையும் தான் இதுவரைக்கும் காணேல்லை எண்டு. வேட்டைக்காரக் குடும்பத்தில பிறந்து வளர்ந்த பிள்ளை, அவளுக்கே தெரியாத விஷயம். எனக்குத் தெரியும். ஆனா அதை அவளுக்குச் சொல்ல வேண்டியது நீ எண்டு நினைச்சு, அவர் சொல்லுவார் பிள்ளை எண்டு மட்டும் சொன்னன். பிறகு யோசிச்சால், உனக்கே அது தெரியுமோ எண்டு எனக்குச் சந்தேகமாப் போச்சு. ஷெல் அடிச்சது ஞாபகம் இருக்கெண்டு நீ சொல்லுறனி, ஹெலி வந்தது ஞாபகம் இருக்கெண்டும் சொல்லுறனி. அந்த நேரம் நீ என்ன செய்தாய் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. அதைத்தான் இப்ப எழுதப்போறன்.

நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட முந்தின வருஷம், உனக்கு எட்டு வயது. சத்தம் கேட்டால் என்ன செய்யவேணும் எண்டு நான்தான் உனக்குப் பழக்கினன். குப்புறப் படு, கண்ணை இறுக்கி மூடு, வாயைத் திறந்து வை. கண்ணை மூடாட்டி மண்ணும் கண்ணாடியும் பறந்து வந்து கண்ணுக்குள்ள விழும், வாயை மூடினால் காது வெடிச்சுப்போகும் எண்டு கோயிலில இருந்த சிஸ்டர் எங்கள் எல்லாருக்கும் சொல்லித் தந்தவ. எல்லாத் தாய்மாரும் பழக்கினவை, ஆனா என்னளவுக்கு ஒருத்தியும் பழக்கேல்லை. சோறு தின்னுற நேரத்தில, குளிக்கிற நேரத்தில, விளையாடிக்கொண்டிருக்கிற நேரத்தில தட்டத்தைச் சுவரில அடிச்சுச் சத்தம் போடுவன், நீ அந்த இடத்திலயே விழுந்து கண்ணை மூடி வாயைத் திறக்கவேணும். நான் வந்து, எழும்பு ராசா, முடிஞ்சுது எண்டு சொல்லும் வரைக்கும் அசையக்கூடாது, வேற ஆர் சொன்னாலும் எழும்பக்கூடாது. ஒருநாள் நான் சங்கக்கடையில அரிசிக்கு நிக்கேக்க ஷெல் அடிச்சது. அது நிண்டு, சனமெல்லாம் எழும்பி வீட்டுக்குப் போய், உலையும் வைச்சிட்டுது. நான் ஓடி வந்து பாக்கிறன், நீ பள்ளிக்கூட மதிலோரம் குப்புறக் கிடக்கிறாய். ரீச்சர் எழும்பச் சொல்லியிருக்கிறா, சாமியார் வந்து தூக்கிப் பாத்திருக்கிறார், நீ எழும்பேல்லை. கண் மூடியபடி, வாய் திறந்தபடி, வாய் முழுக்க மண். நான் சொன்ன பிறகுதான் எழும்பினனி. சாமியார் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். எனக்குப் பெருமையா இருந்தது. என்ர பிள்ளை தப்பும் எண்டு அண்டைக்குத்தான் நான் நம்பினன். இண்டைக்கும் அந்தப் பெருமை எனக்குக் குறையேல்லை, அதை விளங்கிக்கொள்.

ஆனபடியால் பயிற்சிக் களத்தில நான் கண்டது பயந்தாங்கொள்ளியை இல்லை. என்ர சொல்லைக் கேட்ட பிள்ளையைக் கண்டன். எனக்கு அழுகையும் வந்தது, உன்னைக் கட்டிப் பிடிக்கவேணும் போலையும் இருந்தது, சம்பந்திக்கு முன்னால ஏலாமல் போச்சு. நீ அதைப் பெலவீனம் எண்டு நினைச்சு மறைக்கிறாய், பெரிய துவக்கைத் தூக்கினால் அது மறையும் எண்டு நினைக்கிறாய். மறையாது. பெரிசா உதைக்க உதைக்க அது இன்னும் கெட்டியாகும், அந்த உயர மனிசருக்கு நடந்த மாதிரி. பிறகு தாடையில்லாத ஒரு எல்ஷ் சுவீடன் காட்டுக்குள்ள நிக்கும், நீ அதைக் கலியாணப் படத்திலயும் நினைப்பாய், உன்ர பிள்ளை பிறக்கிற அண்டைக்கும் நினைப்பாய். அது உனக்கு வேண்டாம். அந்த மிருகத்துக்கும் வேண்டாம், அது எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யேல்லை.

ஆகவே பண்டிதரின்ர தீர்ப்பு இதுதான்: ஆறரை. பாரமான சன்னம் போட்டு, பிர்கிட்டின்ர துவக்கைக் கொண்டு போ. அது மெல்ல உதைக்கும், உன்ர கண் திறந்திருக்கும், கண் திறந்திருந்தால் அந்தப் பென்சில் போதும். போக முதல் பிர்கிட்டோட போய் அதால பழகு, இடைக்கிடை அந்த மருந்தில்லாத தோட்டாவையும் போடச் சொல்லு, துவக்கு வாய் அசையாமல் நிக்குதோ எண்டு அவள் பாப்பாள். அசைஞ்சால் சுவீடனில நீ கோப்பி ஊத்திக் குடு, சுடாத. எல்ஷ் இல்லாட்டி எங்கட கலியாணம் நிண்டு போயிடாது, ஆட்டிறைச்சிக் கறி நான் வைப்பன், சம்பந்தி இரண்டு கோப்பை வாங்கித் தின்னுற ஆள். அவருக்கு நீதான் நேர சொல்லவேணும். என்னை விட்டுச் சொல்லுவிக்காத, பிர்கிட்டை விட்டும் சொல்லுவிக்காத. ஒன்பது மூண்டு வடிவான துவக்கு, ஆறுதலாப் பழகி ஒருநாள் பண்டிக்குக் கொண்டு போறன், எல்ஷுக்கு இப்ப இது எண்டு சொல்லு. ஏன் எண்டு கேட்டால், மதிலோரம் கிடந்த கதையைச் சொல்லு. அவர் தொப்பியைக் கழட்டுற சாதி, எனக்குத் தெரியும். சுட்ட எல்ஷின்ர வாயில கிளை வைக்கேக்க நீ அதின்ர முகத்தைப் பாக்கக்கூடியதா இருக்கவேணும், நான் கேக்கிறது அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கேக்க அப்பா வந்து தோளுக்கு மேலால வாசிச்சவர். துவக்கே வேண்டாமெண்டு எழுது எண்டு சொல்லுவார் எண்டு பாத்தன். கன நேரம் நிண்டு வாசிச்சுப்போட்டு, கப்பலேறிற அண்டைக்கும் அவன் வாயைத் திறந்துகொண்டுதான் நிண்டவன் எண்டார். துறைமுகத்தில கப்பல் சங்கு ஊதினது ஞாபகம் இருக்கோ? அந்தச் சத்தத்துக்கு நீ என்ர சீலைக்குள்ள முகத்தை வைச்சுக் கண்ணை மூடினனி. கப்பல் வெளிக்கிட்டிட்டுது, பெட்டிகள், உன்ர தங்கச்சியின்ர காய்ச்சல், பத்திரங்கள் எண்டு எனக்கு ஆயிரம் அந்தரம். உனக்கு ஒண்டு சொல்ல வேண்டியிருந்தது, சொல்லேல்லை. அதுக்குப் பிறகு இஞ்ச வந்தும், இவ்வளவு வருஷமா, சொல்ல வேணுமெண்டு எனக்குப் படேல்லை. சொல்லும் வரைக்கும் அசையக்கூடாது எண்டு பழக்கினது நான், வேற ஆர் சொன்னாலும் நீ எழும்ப மாட்டாய். இப்ப சொல்லுறன்.

எழும்பு ராசா, முடிஞ்சுது. கண்ணைத் திற.

அம்மா